வடிந்த தண்ணீர் எங்கே போகும்?

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் கோல்ஃப் மைதானம் எதுவும் கிடையாது. கோடையில் வற்றிய குளத்துக்குள் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவதோடு சரி. மழை வந்து குளம் பெருகினால் ஆட்டம் முடிந்தது. யாரும் தண்ணீரோடு சண்டைக்குப் போவதில்லை!

கோல்ஃப் மைதானத்தின் கதை இதற்கு நேர் எதிர். அங்கே தண்ணீரை வெளியே அனுப்புவதுதான் முதல் வேலை.

ஸ்காட்லாந்தில் இந்த ஆட்டம் வளர்ந்தது கடலோர மணல்மேடுகளில். நம்மூர்த் தேரிக்காடு போல, பெய்த மழை அப்படியே உள்ளே இறங்கிவிடும். வடிகால் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. 1860களில் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தின் பொறுப்பை ஏற்ற டாம் மோரிஸ், புல்தரை மேல் மணல் தூவுவதை வழக்கமாக்கினார். தள்ளுவண்டி மணல் தவறிக் கொட்டிய இடத்தில் புல் செழித்ததைப் பார்த்துத்தான் அவர் இதைக் கற்றார் என்று ஒரு கதையும் உண்டு.

ஆங்கிலேயர்கள் ஆட்டத்தைக் கப்பலில் கொண்டுவந்தார்கள், மணலைக் கொண்டுவர முடியவில்லை. 1829இல் தொடங்கிய கல்கத்தா கிளப், பின்னாளில் டாலிகஞ்சின் தாழ்வான நிலத்துக்குப் போனது. அங்கே மழைநீருக்குப் போக்கிடம் குளங்கள்தான். பந்து விழுந்தால் ஆட்டக்காரருக்குத் தலைவலி, மழை விழுந்தால் மைதானத்துக்கு நிம்மதி.

1960இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் இதற்கு ஒரு முறையே வகுத்தது. குழி இருக்கும் வழவழப்பான புல்தரைக்கு 'கிரீன்' என்று பெயர். அதன் அடியில் வடிகுழாய், மேலே 4 அங்குலம் சரளைக்கல், அதற்கு மேல் 12 அங்குலம் மணல் கலவை. கட்டியதோடு வேலை முடியாது. காலையில் பனித்துளியைத் துடைக்க வேண்டும், புல்லைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்ட வேண்டும், குழியை இடம் மாற்ற வேண்டும். அவ்வப்போது தரையில் துளையிட்டு மணல் நிரப்பவில்லை என்றால் மண் இறுகி, எத்தனை குழாய் போட்டும் தண்ணீர் மேலேயே நிற்கும். வண்டல் அடைத்த வடிகாலும் அப்படித்தான்.

சரி, இப்படி வடிந்த தண்ணீர் எங்கே போகும்?

அதற்குச் சென்னை கிண்டியைப் பார்க்க வேண்டும். குதிரைப் பந்தயம் 1777லேயே தொடங்கிய இடம். ஓடுபாதைக்கு உள்ளே மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்தது. மழைக்காலத்தில் ரேஸ்கோர்ஸிலிருந்து வழிந்த நீர் ஐந்து பர்லாங் சாலை வழியாக வேளச்சேரிப் பக்கம் இறங்கியது. வேளச்சேரியோ தன் ஏரியின் பெரும்பகுதியை வீடுகளுக்குக் கொடுத்துவிட்ட ஊர். 2015 டிசம்பரில் அங்கே என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. மேட்டில் புல் காய்ந்தால் பள்ளத்தில் கட்டில் மிதக்கும்.

1945 முதல் 99 ஆண்டுக்கென்று ரேஸ் கிளப்புக்குக் கொடுத்த 160.86 ஏக்கர் குத்தகையை, வாடகைப் பாக்கி வழக்குகளுக்குப் பிறகு 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. அதை எதிர்த்தும் வழக்குகள் எழுந்தன. அது தனிக் கதை. இங்கே கவனிக்க வேண்டியது அடுத்து வந்த வேலை. மழைநீரைத் தேக்க அந்த நிலத்திலேயே குளம் வெட்டுவதற்கு மாநகராட்சியின் பொக்லைன்கள் இறங்கின.

குளம் வெட்டியாயிற்று என்றால் இனி வரத்துக்காலில் செடி முளைக்காமல் பார்க்க வேண்டும், தூர் வார வேண்டும், கரையைக் கட்ட வேண்டும். கரிவலம் பக்கத்துக் குளத்துக்காரர்களுக்கு இதெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வேலை.