சேர் போனது, குண்டே நின்றது

பெங்களூரு மாநகராட்சி 2003-இல் வகுத்த கட்டட விதிகளில் சாலையின் அகலம், கட்டடத்தின் உயரம், சுற்றிலும் விடவேண்டிய காலி இடம் எல்லாம் மீட்டரில் இருக்கின்றன. அதே மாநகராட்சி 2008-இல் கொண்டுவந்த சுயமதிப்பீட்டுச் சொத்துவரியோ சதுர அடியைப் பிடித்துக்கொண்டது. ‘ஏ’ மண்டலத்தில் வாடகைக்கு விட்ட கான்கிரீட் வீட்டுக்கு மாதம் சதுர அடிக்கு 5 ரூபாய், சொந்தக்காரரே குடியிருந்தால் 2.50 ரூபாய் என்று அப்போதைய கணக்கு. பத்திரப் பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு மனைக்குச் சதுர மீட்டரிலும் விவசாய நிலத்துக்கு ஏக்கரிலும் வருகிறது. வருவாய்த் துறையின் நில ஆவணமான பகாணியில் ஏக்கரும் குண்டேயும். இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-இல் நிறைவேறியது. 1958 அக்டோபரில் தொடங்கி 1962-க்குள் கடைவீதி முழுக்க அது நடைமுறைக்கு வந்துவிட்டது. இத்தனை காலம் கழித்தும் ஒரே துண்டு நிலம் ஒவ்வோர் அலுவலகத்திலும் வேறு அளவில் கிடப்பதைப் பார்ப்பவர்கள் ‘நம் மக்களுக்குப் பழக்கம் விடாது’ என்று முடித்துவிடுகிறார்கள். பழக்கம்தான் காரணம் என்றால், அடியையும் குண்டேயையும் விடப் பழைய பழக்கமான சேரும் கொளகமும் ஏன் ஒரு தலைமுறைக்குள் காணாமல் போயின? அளவு மாறுவதும் மாறாததும் மனிதரின் மனத்தைவிட, அளக்கப்படும் பொருள் எவ்வளவு காலம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதே என் வாதம்.

சேரிலிருந்து தொடங்கலாம். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800-இல், மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன் போகிற இடமெல்லாம் எடையையும் முகத்தலளவையையும் குறித்துக்கொண்டு போனார். ஊருக்கு ஊர் அவை வேறுபட்டதால் அவருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. மைசூர்ப் பகுதியின் கச்சா சேர் 24 ரூபாய் எடை, அதாவது சுமார் 280 கிராம். பக்கா சேர் 80 ரூபாய் எடை, சுமார் 933 கிராம். கச்சா சேர் நாற்பது சேர்ந்தால் ஒரு மணங்கு. அது பதினோரு கிலோவைச் சற்றே தாண்டும். வட இந்தியாவிலும் ரயில்வேயிலும் வழங்கிய மணங்கோ 37 கிலோவுக்கு மேல். பெயர் ஒன்று, பொருள் மூன்று மடங்கு. இப்படிப்பட்ட அளவைக் கைவிட மக்கள் தயங்கவில்லை, ஏனென்றால் அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. போன வருடம் வாங்கிய ராகி எத்தனை சேர் என்று இந்த வருடம் யாருக்கும் தெரியவேண்டியதில்லை. அது தின்று தீர்ந்துபோயிற்று. தராசில் புது எடைக்கல் ஏறிய நாளே பழைய கல்லுக்குக் கடைசி நாள். சில மாதம் கடைக்காரரும் வாங்குபவரும் திணறியிருப்பார்கள், அவ்வளவுதான்.

நிலத்தின் கதை வேறு. மைசூர் நாட்டில் முன்பு நிலத்தை விதைப்பாடாகத்தான் சொன்னார்கள்: ஒரு கண்டக விதை விதைக்கும் நிலம், ஐந்து கொளக விதை விதைக்கும் நிலம் என்று. இருபது கொளகம் ஒரு கண்டகம். நஞ்சையில் ஒரு கண்டகம் பிடிக்கும் பரப்பும் புஞ்சையில் அது பிடிக்கும் பரப்பும் வெகுவாக வேறுபடும். மண்ணின் தன்மையைப் பரப்புக்குள்ளேயே அடக்கிய அந்த அளவு வரி போடுகிறவருக்குக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. வரைபடம் போடுகிறவருக்குத் தலைவலி. ஆங்கில அடி பெங்களூரு மண்ணில் துல்லியமாக இறங்கியதும் புக்கானன் வந்த அதே 1800-இல்தான். வில்லியம் லாம்டன் ஊருக்குக் கிழக்கே 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டி ஏழு மைலுக்கு மேல் ஓர் அடிக்கோட்டை அளந்தார்; பின்னாளில் இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களாக அளந்து முடித்த பணிக்கு அது ஓர் ஒத்திகை. பாரிசில் மீட்டருக்கான பிளாட்டினக் கட்டை ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டது அதற்கு முந்தின வருடம். மீட்டர் பிறந்த கையோடு பெங்களூரை அடி முந்திக்கொண்டது.

ஆனால் லாம்டனின் அடி உழவரின் வயலுக்குள் வரவில்லை. அதைக் கொண்டுவந்தது 1863-இல் மைசூரில் தொடங்கிய வருவாய் நில அளவை. பம்பாய் மாகாணத்தின் முறையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 33 அடிச் சங்கிலி. அந்தச் சங்கிலி நாற்புறமும் அடைக்கும் சதுரம் ஒரு குண்டே, 1089 சதுர அடி. குண்டேக்குப் பதினாறு ஆணா. நாற்பது குண்டே ஓர் ஏக்கர். இங்கே என் வாதத்துக்கு ஒரு நியாயமான மறுப்பு எழும். நிலத்தின் அளவு மாறவே மாறாது என்றால், கண்டகமும் கொளகமும் போய் ஏக்கரும் குண்டேயும் வந்தது எப்படி? வந்தது, ஏனென்றால் அப்போது யாரும் கண்டகத்தை ஏக்கராகப் பெருக்கி வகுத்து எழுதவில்லை. ஒவ்வொரு வயலையும் சங்கிலி போட்டுப் புதிதாக அளந்தார்கள். எல்லைக்கல் நட்டார்கள், புது எண் கொடுத்தார்கள், படம் வரைந்தார்கள், அதன் மேல் வரியைத் தீர்மானித்தார்கள். பல பத்தாண்டுகள் பிடித்த வேலை அது. 1956-இன் சட்டத்தோடு அப்படி ஒரு மறு அளவை வரவில்லை. பெருக்கல் வாய்ப்பாடு மட்டும்தான் வந்தது. நிலத்தை மறுபடி அளந்தாலன்றி நிலத்தின் அளவு மாறுவதில்லை.

இதற்குச் சான்று பூமி திட்டம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்நாடக அரசு ஏறத்தாழ இரண்டு கோடி பகாணிகளைக் கணினியில் ஏற்றியது. எதையும் மாற்ற நினைத்திருந்தால் அதைவிட நல்ல தருணம் கிடைத்திருக்காது. ஆனால் செய்தது பிரதி எடுக்கும் வேலை, அளக்கும் வேலை அல்ல. ஏக்கரும் குண்டேயும் அப்படியே திரைக்கு வந்தன. இன்றும் பகாணியில் 2.20 என்றிருந்தால் இரண்டு ஏக்கர் இருபது குண்டே, அதாவது இரண்டரை ஏக்கர். நடுவிலிருக்கும் புள்ளி தசமப் புள்ளி அல்ல. ஒசூரைத் தாண்டி நிலம் வாங்க வருகிறவர்கள் முதலில் கற்கவேண்டிய பாடம் இது. நாணயத்தில் 1957-இலேயே செத்துப்போன ஆணா நில அளவைக் கணக்கில் இன்னும் உயிரோடிருப்பதும் இதே காரணத்தால்தான். ஒவ்வொரு கிரயப் பத்திரமும் தாய்ப்பத்திரத்தின் அளவையும் நான்கெல்லையையும் திருப்பிச் சொல்லியாகவேண்டும். மாற்றி எழுதினால் வழக்கறிஞர் கேள்வி கேட்பார், வங்கி கடன் தர யோசிக்கும்.

தமிழ்நாட்டில் மாற்றினார்களே என்று கேட்கலாம். உண்மைதான், அங்கே பட்டாவும் சிட்டாவும் ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கின்றன. ஆனால் ஒசூரில் யாரும் ஏர் கணக்கில் விலை பேசுவதில்லை. சென்ட் கணக்கில் பேசிவிட்டு, பட்டாவைப் பார்த்துப் பெருக்குகிறார்கள். சென்னையில் கிரவுண்டு. 2400 சதுர அடி கொண்ட அந்தக் கிரவுண்டும் பெங்களூரின் நாற்பதுக்கு அறுபது அடி சைட்டும் அங்குலம் பிசகாமல் ஒன்றே என்பதை இரு ஊர்த் தரகர்களும் நன்றாக அறிவார்கள். காகிதத்தை மட்டும் மாற்றினால் அளவு மாறிவிடாது, கூடுதலாக ஒரு மொழிபெயர்ப்பு வேலைதான் சேரும்.

இதைவிடக் கடினமான மறுப்பு பெங்களூரின் கே.ஆர். மார்க்கெட்டில் இருக்கிறது. பொருளின் ஆயுள்தான் காரணம் என்றால் மாலைக்குள் வாடிவிடும் பூ முதல் ஆளாக மெட்ரிக்குக்கு மாறியிருக்கவேண்டாமா? 1928-இல் கட்டிய அந்தச் சந்தையில் உதிரி மல்லிகையும் கனகாம்பரமும் சாமந்தியும் கிலோவில்தான் கைமாறுகின்றன. தொடுத்த சரம் மட்டும் முழத்தில் விற்கிறது. நிறைய வாங்கினால் மாரு கணக்கு, இரு கைகளையும் விரித்த நீளம். ஆக, ஒரே பூ இரண்டு அளவில் இருக்கிறது. உதிரிப்பூ லாரியில் வந்து, முன்பின் தெரியாதவர்களிடையே மூட்டையாக விலை பேசப்படுவது. அதற்குத் தராசு வேண்டும். சரமோ வாங்குபவர் கண்ணெதிரே முழங்கையில் அளக்கப்படுவது. கை குட்டை என்று தோன்றினால் அங்கேயே சண்டை போட்டு இன்னொரு விரற்கடை வாங்கிக்கொள்ளலாம். நாளைக்கு அந்த முழத்தை நிரூபிக்கவேண்டிய தேவை யாருக்கும் இல்லை. எனவே என் வாதத்தைச் சற்றுத் திருத்திச் சொல்கிறேன்: தலைமுறை கடந்து நிற்கும் பொருளும், கண்ணெதிரே முடிந்துபோகும் வியாபாரமும் பழைய அளவில் நிற்கின்றன. அரிசி, எண்ணெய், துணி, பெட்ரோல் என்று இரண்டுக்கும் நடுவில் இருப்பதையெல்லாம் மெட்ரிக் வென்றுவிட்டது.

சட்டத்தைக் கேட்டால் முழமும் குற்றம், முப்பதுக்கு நாற்பது அடி மனையும் குற்றம். 2011 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, தர அளவு அல்லாத வேறெந்த அளவிலும் விலை சொல்வதையும் விளம்பரம் செய்வதையும் வாய்மொழியாகக்கூடத் தடுக்கிறது. அதை எழுத்துக்கு எழுத்து நடத்தினால் பெங்களூரின் மனை வணிகர்களோடு சொத்துவரிப் படிவத்தை அச்சடித்தவர்களும் கூண்டில் ஏறவேண்டியிருக்கும். எதிர்முனையில், இவை நம் மண்ணின் அளவுகள், காப்பாற்றவேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காப்பாற்ற நினைக்கும் குண்டே லண்டன் அடியால் அளந்து பம்பாய் வழியாக வந்தது. மண்ணின் அளவான கண்டகத்தை விரட்டிவிட்டு உட்கார்ந்தது. அடியில் பேசுவது பின்தங்கியவர்களின் குணம் என்பதும் நிற்காது. தேவனஹள்ளி விமான நிலையத்தின் ஓடுபாதை 4000 மீட்டர் நீளம். அதிலிருந்து எழும்பிய விமானத்துக்குக் கட்டுப்பாட்டு அறை உயரத்தை அடியில்தான் சொல்கிறது.

இரண்டு அளவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பெரிய கேடு ஒன்றுமில்லை. ஒன்றை மற்றொன்றின் பெயரால் வழங்குவதில்தான் கேடு. பெங்களூரு வளர்ச்சி ஆணையத்தின் புதிய லேஅவுட்களில் முப்பதுக்கு நாற்பது என்று எல்லோரும் சொல்லும் சைட் உண்மையில் 9 மீட்டருக்கு 12 மீட்டர், 108 சதுர மீட்டர். அது 1162.5 சதுர அடிதான், 1200-க்கு 37.5 அடி குறைவு. நாற்பதுக்கு அறுபது எனப்படும் 12-க்கு 18 மீட்டர் மனையில் குறைவு 75 சதுர அடி. ஒதுக்கீட்டுப் பத்திரத்தில் மீட்டர் தெளிவாக இருப்பதால் ஆணையம் யாரையும் ஏமாற்றவில்லை. மறுவிற்பனையில் அதே சைட் 1200 அடியாக விலை பேசப்படும்போதுதான் பணம் கை நழுவுகிறது. ஆகவே சைட் வாங்குகிறவர்கள் தரகர் சொல்லும் அடியை விட்டுவிட்டுப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் சதுர மீட்டரைப் பாருங்கள்: 111.48 என்றிருந்தால்தான் 1200 அடி.