கட்டுமரத்தில் வலையை எங்கே வைப்பார்கள்?

தூண்டில் போடுபவர்களுக்கான வெளிநாட்டுப் படகுகளில் ஒரு வசதி உண்டு. மாட்டிய மீனை அள்ளித் தூக்குவதற்கு நீளக் காம்பு வைத்த கைவலை ஒன்று வைத்திருப்பார்கள் இல்லையா, அதைச் செருகி வைக்கத் தனியாக ஒரு குழாயோ கொக்கியோ இருக்கும். அவசரத்துக்குக் கைக்கு எட்டணும், ஆனா காலில் சிக்கக் கூடாது. இதைப் பற்றிப் பக்கம் பக்கமா ஆலோசனை சொல்லியிருக்காங்க. அதைப் படிச்சிட்டிருந்தப்போதான் இந்தக் கேள்வி வந்தது. நம்ம கட்டுமரத்தில் வலையை எங்கே வச்சாங்க?

கேள்வி சின்னதுதான். ஆனா கட்டுமரத்துக்கு 'உள்ளே' என்று ஒன்று கிடையாது. அடித்தளம், பக்கச்சுவர், மேல்தளம் எதுவும் இல்லை. லேசான மரத்தடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வச்சுக் கயிற்றால் இறுக்கிக் கட்டினா அதுதான் கலம். கடற்கரையில் அதைக் கட்டுமரம்னுகூட யாரும் முழுசாச் சொல்றதில்லை, 'மரம்'தான். தடிகளுக்கு நடுவே கடல் தண்ணி வரும், போகும். தண்ணீரை இறைக்க வேண்டியதில்லை, ஏன்னா அது தேங்க இடமே இல்லை. மூழ்கவும் மூழ்காது. இந்தக் கலத்தின் பெரிய பலமே அதற்கு உள்ளறை இல்லாததுதான். அதே காரணத்தால் அதில் எதையும் 'வைக்க' முடியாது.

1690-ல் சென்னைக் கோட்டைக்கு வந்துபோன வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி இதைக் கவனிச்சிருக்கார். 1697-ல் வெளிவந்த தன் பயணநூலில், ஒரே ஆள் ஏறும் சின்ன மரங்களைப் பற்றிச் சொல்லும்போது, அந்த ஆளின் காலும் பின்புறமும் எப்பவும் தண்ணியிலேயே இருக்கும் என்கிற மாதிரி எழுதுகிறார். கிண்டலா எழுதினாரோ வியந்து எழுதினாரோ, விஷயம் துல்லியம். ஆளே நனைந்துகொண்டு போகிற இடத்தில் சாமானுக்கு மட்டும் உலர்ந்த மூலை எங்கிருந்து வரும்?

(இடையில் ஒன்று. ஆங்கிலத்தில் இன்னிக்கு 'கேட்டமரான்' என்றால் இரண்டு உடல் கொண்ட பாய்ப்படகு. 1876-ல் நத்தனியேல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கர் 'அமரில்லிஸ்' என்ற இரட்டைப் படகை நியூயார்க் பந்தயத்தில் ஓட்டினதுக்கு அப்புறம் அந்தப் பொருள் அங்கே நிலைச்சுப் போச்சு. நம்ம சொல் போய்ச் சேர்ந்தது, நம்ம பொருள் போகலை.)

உலர்ந்து இருக்கணும் என்று ஒரு சாமான் இருந்தா அதுக்கு அவங்க கண்ட வழி தலை. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம் அது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் வரிசையா உடையும் அலை. மசூலாப் படகுகூட இறங்கப் பயப்படும் நாட்களில் கப்பலுக்குக் கடிதம் கொண்டுபோனது கட்டுமரக்காரர்தான். 1812-ல் அச்சான தன் நாட்குறிப்பில் மரியா கிரகாம் என்ற பெண்மணி இவர்களைப் பற்றி எழுதியிருக்கார். பாயால் முடைந்த கூம்புத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொள்வார்களாம். கடிதம் அதுக்குள்ளே. அலை ஆளைத் தூக்கிக் கடலில் வீசினாலும் நீந்தி வந்து மறுபடி மரத்தில் ஏறிக்கொள்வார், கடிதம் நனையாது. கட்டுமரத்தில் இருந்த ஒரே பெட்டகம் ஓட்டுகிறவரின் தலைதான்னு எனக்குத் தோணும்.

வலை வேற ரகம். அது நனையறதுக்குன்னே பிறந்தது. அதனால் அதுக்கு மறைப்பு வேண்டாம், கட்டு போதும். போகும்போது வலையைக் குவித்து மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். மீன் போடும் பறியும் அதே மாதிரி கட்டப்பட்டிருக்கும். துடுப்பு ஆள் கையில். பாயும் கழியும் நீளவாக்கில் கிடக்கும்.

ஏன் இவ்வளவு கட்டு? அலை உடையும் இடம்தான் காரணம். கரையை விட்டுக் கிளம்பும்போதும் திரும்பும்போதும் மரம் புரளலாம். மரம் புரண்டால் ஆபத்தில்லை, திருப்பிப் போட்டு ஏறிக்கலாம். ஆனா அவிழ்ந்த வலை தண்ணிக்குள்ளே விரிஞ்சா அது மீனுக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் பார்க்காது. ஈயக்குண்டு ஒரு பக்கம் கீழே இழுக்க, மிதவை ஒரு பக்கம் மேலே நிற்க, நடுவில் காலோ கையோ மாட்டினா எப்பேர்ப்பட்ட நீச்சல்காரரும் திணறுவார். தப்பிச்சாலும் வலை போச்சு. பல குடும்பங்களுக்கு மரத்தைவிட வலைதான் பெரிய முதலீடு. அதனால் வலை வைக்கிற முறையில் சோம்பலுக்கு இடமில்லை.

குவிக்கிறதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. மிதவைக் கயிறு ஒரு பக்கம், ஈயக் கயிறு இன்னொரு பக்கம் வரும்படி மடிப்பு மடிப்பாப் போடணும். அப்போதான் கடலில் விடும்போது சிக்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். இருட்டில், ஆடுகிற மரத்தின் மேல், காலால் சமநிலை பிடித்தபடி சிக்கெடுக்க முடியாது. அந்த வேலையைக் கரையிலேயே முடிச்சிருக்கணும். மீன்பிடிப்பில் பாதி வலையை அடுக்குவதிலேயே இருக்குன்னு சொன்னா மிகை இல்லை.

கைவலை என்று பார்த்தால் எனக்குப் பிடித்தது கோலா மீன்பிடிப்புதான். கோலா என்றால் பறக்கும் மீன். சோழமண்டலக் கரையில் கோடையை ஒட்டி அது முட்டையிட வரும் பருவத்தில் மட்டும் நடந்த வேட்டை இது. இதுக்குன்னே பெரிய மரம் கட்டுவார்கள், ஏழு தடி வரை போகும். ஆழ்கடலுக்குப் போவதால் ஒரே நாளில் திரும்ப முடியாது. இலைதழைகளைக் கட்டுக்கட்டாக் கொண்டுபோய் மிதக்க விடுவார்கள். மீனுக்கு முட்டையை ஒட்டவைக்க ஏதாவது வேணும், நடுக்கடலில் அது இல்லை. அதனால் இலைக்கட்டைத் தேடிக் கூட்டமா வரும். வந்த மீனை வலையால் அள்ளி எடுப்பார்கள்.

சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநரா இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்த வேட்டையைப் பற்றித் தனியாவே எழுதியிருக்கார். அந்த மீனுக்கு 1923-ல் 'கோரமண்டலென்சிஸ்' என்று அறிவியல் பெயர் வச்சதும் அவர்தான். இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி அவர் 1920-ல் வெளியிட்ட ஆய்வை இன்னிக்கும் ஆய்வாளர்கள் விட முடியாது. ஒவ்வொரு கரையின் கட்டுமரத்தையும் தடி எண்ணிப் பார்த்தவர்.

கோலா மரத்தின் இடக்கணக்கைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. போகும்போது இலைக்கட்டு, குடிதண்ணீர், சோறு, வலை, ஆட்கள். இலையைக் கடலில் இறக்கினதும் அதே இடம் காலி. திரும்பும்போது அந்த இடத்தில் மீன். அறையே இல்லாத கலத்தில் ஒரே சதுரத்தை இரண்டு முறை பயன்படுத்தியிருக்காங்க.

ஆனா இதெல்லாம் கடலில் இருக்கும் சில மணி நேரத்துக்கான ஏற்பாடு. மிச்ச நேரம் வலை எங்கே? இதைத் தேடப் போனப்போதான் விஷயம் படகை விட்டு வெளியே வந்தது. கரைக்கு வந்ததும் கட்டுமரத்தின் கட்டை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியா மேட்டுக்குத் தூக்கிப்போய்க் காய வைப்பார்கள். மரம் தண்ணி குடிச்சா கனத்துப் போகும், மிதப்பு குறையும். அதாவது கரைக்கு வந்தபின் கலமே இல்லை, தடிகள்தான் இருக்கு. இல்லாத கலத்தில் வலையை எப்படி வைப்பது? வலைக்கு வீடு மணல்தான்.

அதுவும் சும்மா போட்டுவைக்கும் இடம் இல்லை. அன்றைய வலை பருத்தி நூலிலும் சணல் நாரிலும் பின்னப்பட்டது. ஈரத்தோடு ஒரு நாள் குவிஞ்சு கிடந்தா அழுக ஆரம்பிச்சிடும். தினமும் விரிக்கணும், வெயில் காட்டணும், கிழிசல் பார்த்துப் பின்னணும். அழுகாமல் இருக்க அவ்வப்போது துவர்ப்புச் சாறில் ஊறப்போடணும். பனிச்சங்காய்ச் சாறு இதுக்குப் பேர்போனது. காயின் துவர்ப்புதான் நூலைக் காப்பாத்தும், வலை கறுப்பேறிப் போகும். இத்தனைக்கும் நீளமான, சுத்தமான, யாரும் குறுக்கே நடக்காத மணல் வேணும். மரத்தில் வலை பிடிச்ச இடம் ஒரு பாய் அளவு என்றால் கரையில் அது கேட்ட இடம் பல வீட்டு முற்றங்கள்.

பிறகு நைலான் வந்தது. அது அழுகாது, ஆனா வெயிலில் கிடந்தால் இழை நலியும். பருத்திக்கு வெயில் மருந்து, நைலானுக்கு வெயில் விஷம். தாத்தா விரிச்ச வலையைப் பேரன் மூடி வைக்கிறான். மூடினாலும் இடம் இடம்தானே.

இந்தக் கண்ணோட்டத்தில் மெரினாவைப் பார்த்தா வேற மாதிரி தெரியும். அந்த அகலமான மணல் முன்னே அவ்வளவு இல்லை. 1875-ல் அடிக்கல் நாட்டிச் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கினதும், தெற்கிலிருந்து கரையோரமா நகரும் மணல் துறைமுகச் சுவரில் தடைபட்டுத் தேங்க ஆரம்பிச்சது. தெற்கே கரை வளர்ந்தது. வடக்கே, ராயபுரம் தாண்டித் திருவொற்றியூர் பக்கம், வர வேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. ஒரே சுவர் ஒரு பக்கக் குப்பங்களுக்கு வலை விரிக்க மணல் கொடுத்தது, மறுபக்கக் குப்பங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. தெற்கே நடைபாதை போட்டு 1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அதற்கு மெரினா என்று பேர் வச்சார். அன்றிலிருந்து அந்த மணலுக்கு இரண்டு உரிமைக்காரர்கள்: காற்று வாங்க வருபவர், வலை காயவைப்பவர்.

1985-ல், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது, மெரினாவை அழகுபடுத்தக் கரையில் கிடந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த அரசு இறங்கியது. மீனவர்கள் எதிர்த்தார்கள். அந்தப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. செய்தியாகப் படிக்கிறவர்களுக்கு 'ஆக்கிரமிப்பு அகற்றம், மோதல்' என்று தெரிந்திருக்கும். உள்ளறை இல்லாத கலத்தை ஓட்டுகிறவருக்கு அது வேற. வலையைக் கரையிலிருந்து எடு என்றால் தொழிலை எடு என்று அர்த்தம். வைக்க மாற்றிடம் மரத்திலும் இல்லை, குப்பத்துக் குறுகிய வீட்டிலும் இல்லை.

அதே காலத்தில் படகை மாற்றும் முயற்சிகளும் நடந்துகொண்டிருந்தன. குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியத்துக்காரர் பியர் கில்லட், ஒட்டுப்பலகையில் கட்டுமரம் செய்து பார்த்தார். அந்த அனுபவத்தை 1985-ல் புத்தகமாகப் போட்டார். 'சிறியது கடினம்' என்று பொருள் வரும் தலைப்பு. மரத்தடி விலை ஏறிக்கொண்டே போனதால் இந்தத் தேடல் தவிர்க்க முடியாததாச்சு. கடைசியில் ஆட்டத்தை மாற்றியது 2004 சுனாமி. உடைந்த மரங்களுக்குப் பதிலா நிவாரணமாக் கண்ணாடியிழைப் படகுகள் குவிந்தன. சில வருஷத்தில் பல கரைகளில் கட்டுமரம் அபூர்வமாச்சு.

பைபர் படகுக்கு உள்ளே உண்டு. நடுத்தட்டில் வலை, ஓரமா ஐஸ் பெட்டி, பின்னால் இன்ஜின். அப்போ கரையில் இடத் தேவை குறைஞ்சிருக்கணுமே? நான் பார்த்த குப்பங்களில் நேர்மாறு. படகு பெருசானதால் ஒருவர் வைத்திருக்கும் வலை கூடிப்போச்சு. ஒரு பருவத்துக்கு ஒரு கண் அளவு, ஒரு மீனுக்கு ஒரு வலை. கடலுக்குப் போவது அன்றைக்குத் தேவையான வலை மட்டும், மிச்சமெல்லாம் கரையில். படகையும் தடி தடியாப் பிரிக்க முடியாது, முழுசாக் கரையேற்றி நிறுத்தணும்.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. 2011 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, வேற கட்டுமானத்துக்கு அனுமதி இல்லாத கரைப்பகுதியிலும் மீனவர்களுக்காகச் சிலவற்றை அனுமதிச்சது. மீன் காயவைக்கும் களம், ஏலக்கூடம், ஐஸ் ஆலை, படகு கட்டும் இடம் என்று போகும் அந்தப் பட்டியலில் வலை சீர்செய்யும் களமும் இருந்தது. ஆனா 2023-ல் மெரினா இணைப்புச் சாலையோர மீன்கடைகள் விவகாரம் உயர்நீதிமன்றம் வரை போனப்போ, மறுபடி அடிபட்ட சொல் ஆக்கிரமிப்புதான்.

இன்னிக்கு நொச்சிக்குப்பம் பக்கம் காலையில் போனா பார்க்கலாம். படகு கரையேறினதும் இன்ஜினைக் கழற்றித் தோளில் வச்சு வீட்டுக்குக் கொண்டுபோறாங்க, அது திருடு போகும் சாமான். மீன் விற்பனைக்குப் போகுது. வலையைச் சிக்கெடுத்து மடிப்பு மடிப்பாக் குவிச்சு, மேலே தார்ப்பாய் போட்டு, காற்று தூக்காமல் ஓரத்தில் கல் வச்சிட்டுப் போறாங்க.