ஒரு கொடைப்பத்திரத்தின் கதை

சில திங்களுக்கு முன் மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி தன் தாயாரின் அலைபேசியை நீட்டினாள். திருத்தந்தையின் படம், அதன்கீழ் அவர் மொழிந்ததாகச் சில வரிகள். “சாமி, இது உண்மையா?” என்றாள். பொய்யென்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அடுத்த செய்தி வரும்போது நாம் அவளருகில் இருக்கப்போவதில்லையே! ஆகவே, திருச்சபையே பல நூற்றாண்டுகள் மெய்யென நம்பிய ஒரு பொய்யாவணத்தின் கதையைச் சொன்னோம்.

பேரரசர் கான்ஸ்டன்டைன் தொழுநோய் நீங்கித் திருமுழுக்குப் பெற்ற நன்றிக்காக, திருத்தந்தை சில்வெஸ்தருக்கு இலாத்தரன் அரண்மனையையும் உரோமை நகரையும் மேற்றிசை நாடுகளையும் எழுதிவைத்தார் என்றது அப்பத்திரம். எட்டாம் நூற்றாண்டை ஒட்டி யாரோ புனைந்தது அது. 1054-இல் கீழைச் சபையோடு நிகழ்ந்த பிணக்கில் திருத்தந்தை ஒன்பதாம் லியோவும் அதனைச் சான்றாகக் காட்டினார். மெய்யென நம்பியே காட்டினார் என்பது நம் கருத்து.

1433-இல், பிற்காலத்தில் கர்தினாலான குசா நிக்கோலாஸ் ஓர் எளிய வினாவை எழுப்பினார்: இத்துணைப் பெருங்கொடையை அக்கால வரலாற்றாசிரியர் எவரும் ஏன் குறிப்பிடவில்லை? 1440-இல் லொரென்சோ வல்லா அதன் சொற்களையே கூண்டிலேற்றினார். உரோமை அலுவலரைப் பாரசீக ஆளுநருக்குரிய ‘சத்திரப்’ என்னும் பெயரால் பத்திரம் அழைக்கிறது. கான்ஸ்டான்டிநோபிள் திருநிலைப்படுத்தப்பட்டது 330-இல். பத்திரமோ ஓரிடத்தில் அதனைத் தலைமை ஆயர்பீடமாகக் குறித்துவிட்டு, வேறோரிடத்தில் அந்நகரை இனிமேல்தான் கட்டப்போவதாகச் சொல்கிறது! பேரரசர் திருமுழுக்குப் பெற்றதும் 337-இல், இறக்குந்தறுவாயில், நிக்கோமேதியா அருகே.

வல்லா நடுநிலையாளர் அல்லர். திருத்தந்தையோடு பகைகொண்டிருந்த அரசர் அல்போன்சோவின் ஊழியர் அவர். ஆயினும் ‘சத்திரப்’ என்ற சொல்லைப் பத்திரத்தில் எழுதியவர் அவரல்லரே! பின்னாளில் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் அவருக்கு வத்திக்கானிலேயே பணி கொடுத்தார்.

கதை முடிந்ததும் பிள்ளைகளே கேட்கத் தொடங்கினர்: திருத்தந்தை இதை எங்கே சொன்னார்? எந்த நாளில்? அவர் இப்படிப் பேசுவாரா? செய்தியில் நாளுமில்லை, இடமுமில்லை. வத்திக்கான் இணையதளத்தில் அவருடைய உரைகள் முழுமையாகக் கிடைக்கும், சேர்ந்தமர்ந்து தேடினோம். அவ்வரிகள் அகப்படவில்லை.

அப்போது ஒரு சிறுவன், “நல்ல கருத்துதானே சாமி, இருந்துவிட்டுப் போகட்டுமே?” என்றான். நம்மைத் தடுமாறச் செய்த கேள்வி அதுதான். கொடைப்பத்திரம் அத்தனை காலம் நிலைத்ததும் அது நமக்கு உவப்பாக இருந்ததனால் அன்றோ? பகைவர் தந்த தாளாயின் முதல் நாளே வரிவரியாகச் சோதித்திருப்போம். நாமும் முன்பொருமுறை ஒரு புனிதர் கூறியதாக அழகிய வாசகமொன்றை மறையுரையில் எடுத்தாண்டோம். எங்கிருந்து வந்ததென்று பார்க்கவில்லை. பின்னர் தேடியபோது அவர் எழுத்துகளில் அது இல்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்ல நாணமாயிருந்தது, சொன்னோம்.

சிறுமிக்கோ வேறு கவலை. அவள் தாயார் அச்செய்தியை அன்பியக் குழுவினர் அனைவருக்கும் ஏற்கெனவே அனுப்பியிருந்தார். “அம்மாவிடம் எப்படிச் சொல்வது, சாமி?” என்று கேட்டாள்.