சீத்தாப்பழமும் சர்க்கரை வியாதியும்: ஒரு நூறு வருஷக் கதை

ஆவணி, புரட்டாசி பிறந்தால் ஜவ்வாது மலையிலிருந்து சீத்தாப்பழம் கூடை கூடையாகத் திருப்பத்தூருக்கு இறங்கும். கூடவே நம் வயதுக்காரர்களிடையே ஒரு பழைய வழக்கும் ஆரம்பமாகும். "சுகர் வந்தவன் பழத்தைத் தொடவே கூடாது" என்பார் ஒருவர். "இயற்கைச் சர்க்கரை ஒன்றும் செய்யாது, வயிறாரச் சாப்பிடலாம்" என்பார் இன்னொருவர். இந்த இரண்டு பேச்சும் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதல் பேச்சுக்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. சிறுநீர் இனிக்கும் இந்த நோயை நம் பழைய வைத்தியர்கள் மதுமேகம் என்றார்கள். ஆனால் 1922 வரை உலகில் எங்கும் இதற்குச் சரியான மருந்து கிடையாது. பட்டினிதான் வைத்தியம். அமெரிக்காவில் ஆலன் என்ற டாக்டர் நோயாளிகளை அரைப்பட்டினி போட்டார். காய்கறியைக்கூட மூன்று முறை தண்ணீர் மாற்றி வேகவைத்து, அதிலுள்ள மாவுச்சத்தை வடித்துவிட்டுக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் பழம் எப்படிக் கிடைக்கும்? 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதன் பிறகு பட்டினி வைத்தியம் போய்விட்டது. ஆனால் அந்தப் பயம் மட்டும் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறது.

பழத்தில் என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்க்கும் வேலை நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. 1918-ல் குன்னூரில் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறிய பிரிவைத் தொடங்கினார். பின்னால் அங்கே இயக்குநராக வந்த அய்க்ராய்ட், 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அந்த நிலையம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். டாக்டர் கோபாலன் 1971-ல் அந்த அட்டவணையை விரிவாக்கிப் புத்தகமாகக் கொண்டுவந்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜனங்களுக்குச் சத்து போதவில்லையே என்ற கவலையில் போட்ட கணக்கு அது. இன்று நாம் அதே கணக்கை, மிஞ்சிப் போய்விடுகிறதே என்ற கவலையில் புரட்டுகிறோம்.

அந்தப் புத்தகத்தின்படி 100 கிராம் பழச்சதையில் உள்ள மாவுச்சத்து இது: பப்பாளி 7.2 கிராம், கொய்யா 11.2, மாம்பழம் 16.9, பலாச்சுளை 19.8, சீத்தாப்பழம் 23.5, வாழைப்பழம் 27.2. காய்ந்த பேரீச்சை மட்டும் 75.8. வடித்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் இருக்கும். ஆகவே சீத்தாப்பழம் விஷமும் அல்ல, வெறும் தண்ணீரும் அல்ல. ஒரு கரண்டிச் சோற்றுக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் டாக்டர் எம். விஸ்வநாதன் 1948-ல் ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் சொந்தமாக மருத்துவமனை கட்டினார். மாவுச்சத்தை அடியோடு குறை என்று மேல்நாடு சொல்லிக்கொண்டிருந்த நாளில், நார்ச்சத்து நிறைந்த நம்மூர்ச் சாப்பாட்டை அளவோடு கொடுத்துப் பார்த்தவர் அவர். 1970-களில் அவர் குழு அதைக் கட்டுரைகளாகவும் எழுதியது. 1981-ல் டொரான்டோவில் ஜென்கின்ஸ் குழு, எந்த உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று வரிசைப்படுத்தியது. முழுசாகத் தின்னும் ஆப்பிள் அதில் கீழே இருந்தது. நாம் பயப்படாமல் பிசைந்து சாப்பிடும் வெள்ளைச் சோறு அதற்கு வெகு மேலே.

இனி இரண்டாவது பேச்சு. 'இயற்கைச் சர்க்கரை' என்ற பெயரில் ஜூஸ், தேன், வெல்லம் எல்லாம் உள்ளே நுழைந்துவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. தேனிலும் பழச்சாற்றிலும் உள்ளது கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைக் கணக்கில் வரும், முழுப் பழத்தில் உள்ளது வராது. காரணம் எளிது. கொய்யாவைக் கடித்து மென்று தின்ன நேரமாகும், நாரும் சர்க்கரையை மெதுவாக விடும். நான்கு சாத்துக்குடியைப் பிழிந்தால் ஒரே மூச்சில் குடித்துவிடலாம், நாரெல்லாம் சக்கையோடு போய்விடும். 2013-ல் அமெரிக்காவில் 1,87,382 பேரின் விவரங்களை அலசிய ஆய்வும் இதையே காட்டியது. முழுப் பழம், அதிலும் திராட்சை, ஆப்பிள் போன்றவை சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது குறைவாகவும், தினமும் ஜூஸ் குடித்தவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது.

ஐதராபாத் நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் பழம் போதும் என்கிறது. நான் இதை இப்படிக் கடைப்பிடிக்கிறேன்: வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு பழம் கிடையாது. சாயங்காலம் நான்கு மணிக்கு, பிஸ்கட்டுக்குப் பதிலாகத்தான் பழம். சீத்தாப்பழ நாளில் இரவு ஒரு கரண்டிச் சோறு குறையும். ஆம்பூர், வாணியம்பாடி நண்பர்கள் ரமலானில் நோன்பு திறக்கும்போது பேரீச்சையை எண்ணி எடுப்பது நல்லது. ஒன்றிரண்டு போதும், கூடவே ரோஸ் சர்பத் வேண்டாம். கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் வாழைப்பழம் மாதிரிப் பொட்டாசியம் அதிகமுள்ள பழங்களைத் தங்கள் டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

ஜூஸை ஒரேயடியாகத் திட்டிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால், அரை டம்ளர் பழச்சாறுதான் உடனே கைகொடுக்கும். ரத்தத்தில் வேகமாக ஏறும் என்ற அதே குணம் அப்போது உயிரைக் காப்பாற்றும். ஆளுக்குச் சுயநினைவு இல்லாவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். இதை வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.