ஊசி மருந்தோடு உடன் செல்வது

தடுப்பூசி போட்ட பூனை ஓரிரு நாள் சோர்ந்து படுப்பதும், பாலைத் தொடாதிருப்பதும் உண்டு. அஞ்ச வேண்டியதில்லை, உடல் தன் காவற்படையைத் திரட்டும்போது தோன்றும் அலுப்பு அது. ஆனால் வெறிநோய்த் தடுப்பூசியின் வரலாற்றில் இதனினும் கடுமையான விளைவுகள் இரண்டு உண்டு. ஒன்று மனிதருக்கு நேர்ந்தது, மற்றது பூனைக்கு. இரண்டிலும் சந்தேகம் விழுந்தது கிருமியோடு உடன் சென்ற பொருளின் மேல்தான்.

“தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி” என்று வடசேரிப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1911-இல் டேவிட் செம்பிள் கசௌலியில் வகுத்த முறையின் வழி வந்த மருந்து அது. கிருமியை ஆட்டு மூளையில் வளர்த்து, அம்மூளையை அரைத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமியைக் கொன்று தயாரிப்பார்கள். 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையமும் ஆட்டு மூளை மருந்தைப் பல்லாண்டுகள் தயாரித்தது.

இம்மருந்தைப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கைகால் விளங்காமல் போயிற்று. கிருமி சாகாமல் தப்பிவிட்டதோ? 1933-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் குழுவினர், கிருமியே இல்லாத முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்ப ஊசியால் செலுத்திப் பார்த்தனர். அவற்றில் சிலவற்றுக்கும் மூளையும் தண்டுவடமும் அழன்று வாதம் கண்டது! மின்கம்பியின் உறைபோல நரம்பிழைகளைப் போர்த்தியிருப்பது மயலின். ஆட்டு மூளையில் இது ஏராளம். அதை எதிர்க்கக் கற்ற உடல், தன் நரம்புறையையே தாக்கிவிடுகிறது.

ஆயினும் மருந்து நிற்கவில்லை. வெறிநோய் கண்டுவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது, வாதமோ சிலருக்கே. எனவே வேறு மருந்து இல்லாத காலத்தில் அது சரியான தேர்வுதான். ஆனால் செல் வளர்ப்பு மருந்து 1970-களிலேயே வெளிநாடுகளில் வந்துவிட்டது. விலை அதிகம் என்ற காரணத்தால், ஆட்டு மூளை மருந்து இந்தியாவில் 2004 இறுதி வரை நீடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

இனிப் பூனைக்கு வருவோம். 1991-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் மேட்டி ஹென்றிக், மைக்கேல் கோல்ட்ஷ்மிட் இருவரும், பூனைகளுக்கு ஊசி போட்ட இடத்தில் சார்க்கோமா என்னும் புற்றுக்கட்டி பெருகுவதாக எழுதினர். வெறிநோய் ஊசி அங்கே பூனைகளுக்குச் சட்டப்படி கட்டாயமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சில கட்டிகளில் சாம்பல் கலந்த பழுப்புநிறப் பொருள் தென்பட்டது. அதன்மேல் எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, எழும் எக்ஸ்-கதிர்களைப் பகுத்தனர். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் கதிர்விடும் என்பதை இயற்பியல் மாணவர் அறிவர். கிடைத்த விடை: அலுமினியம்! மருந்தின் வேகத்தைக் கூட்டச் சேர்க்கும் துணைப்பொருள் அது. அதனால் நீடிக்கும் அழற்சி புற்றாகிறதோ என ஐயுற்றனர். ஆனால் துணைப்பொருள் இல்லாத ஊசிக்குப் பின்னும் சில பூனைகளுக்குக் கட்டி வந்ததால், வழக்கு இன்னும் முடியவில்லை.

10,000 பூனைகளில் ஒன்று முதல் நான்கு வரை என்பது அன்றைய கணக்கு. பூனைக்கடியாலும் வெறிநோய் பரவுமாதலால் ஊசியைக் கைவிடவில்லை. போடும் இடத்தை மாற்றினார்கள். தோள்பட்டைகளின் நடுவே கட்டி வந்தால் முழுதும் வெட்டியெடுப்பது கடினம். காலின் கீழ்ப்பகுதியில் வந்தால் காலை எடுத்தேனும் பூனையைக் காக்கலாம். ஊசி போட்ட இடத்து வீக்கம் 3 மாதம் கடந்தும் வற்றாவிட்டாலோ, 2 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, ஒரு மாதத்துக்குப் பின்னும் வளர்ந்தாலோ கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.