கையுறைக்குள் எழுதிய பெயர்

அடிபட்ட உள்ளங்கையைத் தோலால் மூடிக்கொள்வது ஆண்மைக்கு இழுக்கு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்கள் நினைத்தார்கள். வேகமாக வரும் பந்தை வெறுங்கையால் பிடித்தார்கள். விரல்கள் உடைந்து கோணிப்போயிருப்பது அந்த ஆட்டக்காரர்களுக்குப் பெருமை. 1875இல் சார்லி வெயிட் என்ற ஆட்டக்காரர் கையுறை அணிந்து களமிறங்கினார். பிறர் கண்ணில் படக் கூடாது என்பதற்காகத் தோலின் நிறத்திலேயே அதைத் தேர்ந்தெடுத்திருந்தார் என்று ஆல்பர்ட் ஸ்பால்டிங் பின்னாளில் எழுதினார். ஸ்பால்டிங்கும் ஓர் ஆட்டக்காரர். 1877இல் அவரே கறுப்புக் கையுறை அணிந்து ஆடினார். விளையாட்டுப் பொருள் கடை வைத்திருந்தவர் என்பதால் அதை விற்கவும் செய்தார். பெரிய ஆட்டக்காரர் ஒருவர் அணிந்து, கடையிலும் விலைக்கு வந்த பிறகு அதில் வெட்கம் ஏதும் மிச்சமிருக்கவில்லை.

இந்தச் சின்ன வரலாறு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ‘பெண்தன்மை’ என்று கேலி செய்யப்பட்ட ஒரு பொருள், இரண்டு தலைமுறைக்குள் தந்தை மகனுக்குத் தரும் பரிசாக, ஆண்மையின் சடங்குப் பொருளாக மாறிவிட்டது. மகள் அதைத் தொடுவதே விதிமீறல் ஆனது. பொருள் மாறவில்லை. அதை யார் உரிமை கொண்டாடுவது என்பதுதான் மாறியது.

பழைய பேஸ்பால் கையுறைகளைச் சேகரிப்பவர்கள் அமெரிக்காவில் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒரு கையுறையைப் பார்த்ததும் அதன் காலத்தைச் சொல்லிவிடுகிறார்கள். சுவடிகளோடு பழகியவளுக்கு இது அந்நியமான கலையல்ல. எழுத்தின் வடிவம் பார்த்துச் சுவடியின் காலத்தை நாம் கணிப்பதுபோல, அவர்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள இடத்தைப் பார்க்கிறார்கள். மிகப் பழைய கையுறைகளில் அங்கே ஒன்றுமே இருக்காது. பிறகு ஓர் அங்குல அகலத் தோல் துண்டு வருகிறது. 1919இல் பில் டோக் என்ற பந்து வீச்சாளர், அந்த இடைவெளியில் தோல் வார்களைப் பின்னி ஒரு பை போல அமைக்கலாம் என்ற யோசனையோடு செயின்ட் லூயிஸ் நகரத்து ராலிங்ஸ் நிறுவனத்துக்குப் போனார். அதுவரை கையைக் காக்கும் மெத்தையாக இருந்த கையுறை, அதன் பிறகே பந்தைப் பிடிக்கும் கருவியானது. டோக் பெயரிலான கையுறை 1953 வரை விற்பனையில் இருந்தது.

அடுத்து விரல்கள். தனித்தனியாகப் பிரிந்து நின்றால் 1940களுக்கு முந்தையதாக இருக்கலாம். விரல் நுனிகளை வாரால் கோத்திருந்தால் அதற்குப் பிந்தையது. 1957இல் வில்சன் நிறுவனத்தின் ஏ2000 வந்ததும் கையுறை அகன்று, பந்தைச் சுற்றி மடங்கும் வடிவம் பெற்றது. ஜப்பானில் செய்தது என்ற முத்திரை இருந்தால் பெரும்பாலும் 1950களின் இறுதியோ அதற்குப் பிறகோதான். இவை தவிர மணிக்கட்டுப் பட்டையில் தைத்த துணிச்சீட்டு, பொத்தானில் உள்ள நிறுவனக் குறி, மாடல் எண் எல்லாம் சாட்சி சொல்லும். வலக்கையால் எறிபவர் இடக்கையில் அணிவார் என்பதால், கையுறை எந்தக் கைக்கு என்பதையும் குறித்துக்கொள்வார்கள்.

கடைசியாக உள்ளங்கையில் பதித்திருக்கும் ஒப்பம். புகழ்பெற்ற ஆட்டக்காரர்களின் கையெழுத்தைத் தோலில் அச்சாகப் பதித்து விற்பது நூறாண்டுப் பழக்கம். கையுறையின் விலையைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தப் பெயர்தான். நான் கையில் எடுத்துப் பார்த்த பழைய கையுறைகள் ஒவ்வொன்றிலும் அது ஓர் ஆணின் பெயராக இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் தங்கியிருந்தபோது ஒரு பழம்பொருள் சந்தையில் கையுறைகள் விற்கும் ஒருவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். விரல்நுனிகள் கோத்த கையுறை ஒன்றின் மணிக்கட்டுப் பட்டைக்கு உட்புறம் நீல மையில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. பிள்ளைக் கையெழுத்து. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே இறங்கியிருந்தது. “பேர் எழுதியிருக்குல்ல, அதான் விலை குறைவு” என்றார் அவர். அவர் சொன்னது அந்தச் சந்தையின் பொதுவிதி. உரிமையாளர் பெயர் எழுதிய கையுறை கறைபட்ட கையுறை. அச்சில் பதித்த ஆண் பெயர் விலையை ஏற்றும். மையில் எழுதிய சிறுமியின் பெயர் விலையை இறக்கும். கறை என்று அவர்கள் சொல்வதுதான் அந்தக் கையுறை எனக்குத் தந்த ஒரே ஆவணம்.

ஏன் ஆவணம் என்று சொல்ல வேண்டும்.

1943இல் போர் காரணமாக ஆண் ஆட்டக்காரர்கள் படைக்குப் போய்க்கொண்டிருந்தபோது, சூயிங்கம் முதலாளியும் சிகாகோ கப்ஸ் அணியின் உரிமையாளருமான பிலிப் ரிக்லி பெண்களுக்கான தொழில்முறை லீகைத் தொடங்கினார். ராக்ஃபோர்டு, சவுத் பெண்ட், ரசீன், கெனோஷா ஆகிய நான்கு ஊர்களின் அணிகள். 1954 வரை நடந்த அந்த லீகில் 600க்கும் மேற்பட்ட பெண்கள் ஆடினார்கள். குட்டைப் பாவாடைதான் சீருடை. தரையில் சறுக்கித் தளத்தைத் தொடும்போது தொடைத் தோல் உரிந்துபோகும். தொடக்க ஆண்டுகளில் ஹெலனா ரூபின்ஸ்டைன் அழகு நிலையத்தின் வழிகாட்டலில் ஒப்பனைக்கும் நடைக்கும் வகுப்பு எடுத்தார்கள். உதட்டுச்சாயம் கட்டாயம். இத்தனைக்கும் நடுவே சோஃபி கூரிஸ் 1946இல் ஒரே பருவத்தில் 201 தளங்களைத் ‘திருடினார்’.

லீகின் விதிகளும் ஆண்டுக்காண்டு மாறின. 1943இல் பந்தின் சுற்றளவு 12 அங்குலம், வீச்சு தோளுக்குக் கீழிருந்து. 1948இல் தோளுக்கு மேலிருந்து வீசும் முறை வந்தது. 1954இல் பந்து ஆண்கள் ஆடும் ஒன்பது அங்குல அளவுக்கே சுருங்கிவிட்டது. ‘பெண்களால் முடியாது’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஆட்டத்தை அவர்கள் அங்குலம் அங்குலமாக எட்டிப் பிடித்தார்கள். எட்டிய ஆண்டே லீகின் கடைசி ஆண்டும் ஆயிற்று.

அந்த லீகின் கதவு கறுப்பினப் பெண்களுக்குத் திறக்கவேயில்லை. தேர்வுக்குப் போன மேமி ஜான்சன் நிறத்தின் காரணமாகத் திருப்பி அனுப்பப்பட்டார். அவரும் டோனி ஸ்டோனும் கோனி மார்கனும் ஆண்களோடு சேர்ந்து நீக்ரோ லீக் அணிகளில் ஆடினார்கள். 1953இல் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் அணியின் இரண்டாம் தளத்தில் நின்ற டோனி ஸ்டோன், பாவாடை அணிந்து ஆட மறுத்தவர். பெண் வரலாறு என்று நாம் எழுதுவதிலும் யார் விடுபடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ள இந்த மூவர் போதும்.

இனி சிறுமிகள். 1950இல் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் ஊரில் கேத்ரின் ஜான்ஸ்டன் பின்னலை வெட்டிக்கொண்டு, ‘டப்பி’ என்ற பையன் பெயரில் லிட்டில் லீகில் சேர்ந்து ஆடினார். அடுத்த ஆண்டே, சிறுமிகளுக்கு எந்த நிலையிலும் அனுமதி இல்லை என்று விதி வந்தது. 1952 ஜூனில் தொழில்முறை மைனர் லீக் அணிகள் பெண்களோடு ஒப்பந்தம் செய்வதும் தடை செய்யப்பட்டது. 1972இல் நியூஜெர்சியின் ஹோபோகன் நகரில் 12 வயது மரியா பெப்பே மூன்று ஆட்டங்கள் ஆடிய பிறகு விலக்கப்பட்டார். பெண்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 1974இல் கதவு திறந்தபோது மரியா வயது வரம்பைக் கடந்திருந்தார்.

1951 முதல் 1974 வரை 23 ஆண்டுகள். அமைப்பின் ஏடுகளில் இந்த ஆண்டுகளில் சிறுமிகளே இல்லை. பதிவேடுகளில் இல்லை என்பதால் ஆடவில்லை என்று ஆகுமா? தெருவிலும் புழக்கடையிலும் காலி மனைகளிலும் ஆடியவர்களுக்கு எந்த ஏடு சாட்சி? இங்கேதான் சேகரிப்பாளர்களின் நுட்பம் நமக்குப் பயன்படுகிறது. வலையையும் வாரையும் மாடல் எண்ணையும் வைத்து ஒரு கையுறையை அந்த ஆண்டுகளுக்குள் நிறுத்த முடிந்தால், அதன் பட்டையில் ஒரு சிறுமியின் பெயரும் இருந்தால், அது விதிக்கு எதிரான வாக்குமூலம்.

எச்சரிக்கையும் வேண்டும். கையுறையின் காலம் அது செய்யப்பட்ட காலம்தான். பெயர் எப்போது எழுதப்பட்டது என்பது வேறு கேள்வி. அண்ணனிடமிருந்து தங்கைக்கு வந்திருக்கலாம். அப்படியானால் பெரும்பாலும் ஒரு பெயர் அடிக்கப்பட்டு இன்னொன்று எழுதப்பட்டிருக்கும். எழுதப்பட்ட பெயரும் நெடுந்தூரம் கூட்டிப்போகாது. திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயர் மாறிவிடும். தொழில்முறை லீகில் ஆடியவர்களைத் தேடுவதிலேயே இந்தச் சிக்கல் இருந்தது. 1982இல் அவர்கள் சிகாகோவில் ஒன்றுகூடினார்கள். 1988 நவம்பரில் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகம் அவர்களுக்கென ஒரு காட்சியைத் திறந்தது. லீக் முடிந்து 34 ஆண்டுகள் கழித்து.

தைத்த கைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸின் நேட்டிக் ஊரில் பந்துகளின் தோலுறையைப் பெண்கள் வீட்டிலிருந்தே தைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அந்த வேலை ஹைட்டியின் பெண்களிடம் போனது. ஒரு பந்துக்கு 108 இரட்டைத் தையல், அத்தனையும் கையால். பந்தின் மேல் நிறுவனத்தின் பெயர் இருக்கும், ஆட்டக்காரரின் கையெழுத்து இருக்கும். தைத்தவள் பெயர் எழுத அதில் இடமே கிடையாது.

ஆகவே மாணவிகளிடம் நான் சொல்வது இதுதான். ஒரு பொருளின் விவரக்குறிப்பில் ‘குறை’ என்ற தலைப்பு இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். கிறுக்கல், கறை, பெயர் எழுதப்பட்டுள்ளது என்றெல்லாம் அங்கே இருக்கும். விலை போடுபவருக்கு அது கழிவு. நமக்கு அங்கேதான் வேலை தொடங்குகிறது. பையில் ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி இருக்கட்டும். மை மங்கிக்கொண்டே வருகிறது.