வராகனும் வட்டமும்: பழவேற்காட்டின் நாணயமாற்று

அயல்நாட்டு விமான நிலையத்தில் இறங்கியதும் நாம் முதலில் அண்ணாந்து பார்ப்பது நாணயமாற்றுக் கடையின் விலைப்பலகையை. வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. இடையிலுள்ள இடைவெளி கடைக்காரருடையது. இந்த இடைவெளிக்குத் தமிழில் நெடுங்காலமாகவே ஒரு பெயர் இருக்கிறது: வட்டம். ஒரு காசைக் கொடுத்து இன்னொரு காசைப் பெறும்போது கழித்துக்கொள்ளப்படும் தொகை அது. அச்சொல்லின் பின்னால் உள்ள உலகத்தைக் காண, சென்னைக்கு வடக்கே, ஏரியும் கடலும் கூடுமிடத்தில் உள்ள பழவேற்காட்டுக்குச் செல்லவேண்டும்.

1602இல் தோன்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1610இல் விஜயநகர அரசிடம் இசைவு பெற்று இங்கே பண்டகசாலை அமைத்தது. போர்ச்சுகீசியரின் தாக்குதலுக்குப் பிறகு, 1613இல் கெல்டிரியா கோட்டை எழுந்தது. டச்சுக்காரர் தேடி வந்தது துணியை. மொலுக்கத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க, சோழமண்டலத் துணி காசைவிட நன்றாகச் செல்லுபடியானது. பழவேற்காட்டின் பெயர் இன்றும் மலாய் மொழியில் 'கைன் பெலேகாட்' என்ற கைலியின் பெயராக வாழ்கிறது.

ஆனால் அந்தத் துணியை வாங்க உள்ளூர்ப் பணம் வேண்டுமே! இங்கே பெரிய வணிகத்துக்குப் பொன் வராகன், அதற்குக் கீழே பணம், அன்றாடப் புழக்கத்துக்குச் செப்புக் காசு. டச்சுக்காரர் கொண்டுவந்ததோ அமெரிக்கச் சுரங்கங்களின் வெள்ளியில் வார்த்த ஸ்பானிய ரியால். அதைக் கொடுத்து நெசவாளியிடம் துணி வாங்க முடியாது. இடையில் சராப் வேண்டும். அவர் காசைத் தராசில் இடுவார், உரைகல்லில் தேய்ப்பார், மாற்றுப் பார்ப்பார், பிறகே விலை சொல்வார்.

இத்தொழில் ஐரோப்பியர் வருகையால் முளைத்ததன்று. நாணயம் நோட்டம் பார்ப்பவருக்கு 'வண்ணக்கன்' என்று பெயர். புறநானூற்றில் பாடிய வடம வண்ணக்கன் தாமோதரனார் போன்ற சங்கப் புலவர்களின் பெயரிலேயே அச்சொல் நிற்கிறது. நேர்மைக்கும் காசுக்கும் 'நாணயம்' என்ற ஒரே சொல்லை நாம் வழங்குவதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

வட்டத்தைக் குறைக்கக் கம்பெனி கண்ட வழி, காசைத் தானே அடிப்பது. பழவேற்காட்டின் நாணயச்சாலையில் கம்பெனியின் முத்திரை பொறித்த செப்புக் காசுகள் வெளிவந்தன. பின்னர்ப் பொன் வராகனும் அடிக்கப்பட்டது. வராகனில் கம்பெனி பொறித்தது தன் நாட்டுச் சின்னத்தை அல்ல. உள்ளூர் வராகனை ஒட்டி, இந்துத் தெய்வ உருவத்தையே பொறித்தது. கிறித்துவக் கம்பெனிக்கு இதில் உறுத்தல் இருந்திருக்கலாம். ஆனால் சந்தை பழகிய முகத்தைத்தான் நம்பும் என்பதை அது அறிந்திருந்தது.

பொன் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி ஜப்பானிலிருந்து. 1660களிலிருந்து நாகசாகி வழியாகக் 'கோபன்' என்னும் நீள்வட்டப் பொற்காசுகள் சோழமண்டலத்துக்கு வந்து, உருக்கப்பட்டு, வராகன்களாயின. 1695இல் ஜப்பானிய அரசு கோபனை மறுவார்ப்புச் செய்தது. பெயரும் எடையும் அப்படியே இருந்தன. பொன்னின் அளவோ நூற்றுக்கு 85 அளவிலிருந்து 57 அளவுக்கு இறங்கியது. காசின் முகத்தில் எழுதியிருப்பது ஒன்று, உரைகல் சொல்வது வேறொன்று. கம்பெனியின் தலைமையிடம் அதற்குள், 1690இல், நாகப்பட்டினத்துக்கு மாறியிருந்தது.

இத்தனை கணக்கிலும் இழப்பு யார் தலையில் விழுந்தது என்பதே நமது கேள்வி. பெரிய வணிகரிடம் பொன் இருந்தது. தராசும் அவர் பக்கமே. மீன் விற்றவளும் கூலிக்காரனும் பெற்றது செப்புக் காசு. பொன்னுக்கு எதிராகச் செம்பின் விலை சரிந்தால், அதே எண்ணிக்கையிலான காசு குறைந்த பொருளையே வாங்கும். அவர்கள் எந்த நாணயமாற்றுக் கடையின் வாசலையும் மிதிக்காமலே வட்டம் கொடுத்தார்கள். பஞ்ச காலங்களில் மனிதர்களே விலைப்பொருளாகி இத்துறையிலிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேறினார்கள். எந்த விலை நியாயமான விலை என்று பேசும்போது, அந்த விலையையும் மறக்கலாகாது.

சென்னையில் ஆங்கிலேயர் கணக்கில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க்கு மாறியபோது, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று விகிதம் வகுக்கப்பட்டது. 1825இல் பழவேற்காடும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1835இல் கம்பெனி ஆட்சிப்பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்றானது. ஊருக்கொரு காசு என்பது போயிற்று. அதன்மீது வாழ்ந்த வட்டமும் சுருங்கியது.

இன்று கோட்டை புதர் மூடிக் கிடக்கிறது. எலும்புக்கூடுகள் செதுக்கிய வாயிலுடன் டச்சுக் கல்லறை மட்டும் பாதுகாக்கப்படுகிறது. ஏரியில் மீனவர்கள் 'பாடு' முறையைக் கடைப்பிடிக்கிறார்கள். எவர், எந்த நாளில், எந்த இடத்தில் வலையிடலாம் என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பாட்டுக்குள் இடம்பெறாதவர்களின் மனக்குறையும் அதில் உண்டு. ஆயினும் உள்ளே இருப்பவர் அனைவருக்கும் கணக்கு முன்கூட்டியே தெரியும். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் செப்புக் காசை ஏந்தி நின்றவருக்குக் கிடைக்காதது அந்த ஒன்றுதான்.